காலேஜுக்குப் போகும் பிள்ளை நீச்சலும் கற்கட்டும்



"தண்ணிப் பக்கம் போகாதே!" நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்த நீச்சல் பாடம் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். மழைக்காலத்தில் பெரிய கான் நிரம்பி ஓடினாலும் இதே சொல். ஆற்றோரம் மீன் பிடிக்கப் போனாலும் இதே சொல். சின்ன வயதில் அந்தச் சொல் பல பிள்ளைகளைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் அதே பிள்ளைக்கு 18 வயது ஆகிறது. படித்துப் பாஸாகி, பெட்டி படுக்கையோடு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறது. செமஸ்டர் முடிந்ததும் பத்துப் பேர் சேர்ந்து வேன் எடுத்துக்கொண்டு அருவிக்கும் கடற்கரைக்கும் கிளம்புகிறார்கள். அங்கே "போகாதே" என்று சொல்ல அம்மா இல்லை. "எனக்கு நீச்சல் தெரியாதுடா" என்று கூட்டாளிகளிடம் சொல்லப் பிள்ளைக்கு வெட்கம். மற்றவன் குதித்தால் இவனும் குதிக்கிறான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். இதில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வசதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த ஆண்டு ஐக்கிய நாட்டுச் சபை ஜூலை 25-ஆம் தேதியை மூழ்கலைத் தடுக்கும் உலக தினமாக அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கு முதலுதவி கற்பிக்க வேண்டும் என்று சுகாதார நிறுவனம் சொல்லி வருகிறது. பள்ளியில் இந்தப் பாடம் கிடைக்காத பிள்ளைகளுக்குக் காலேஜ் காலம் இன்னொரு நல்ல வாய்ப்பு. அதை விட்டுவிடக் கூடாது.

இருபது வயதில் நீச்சல் வருமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பீர்கள். நீச்சல் விஷயத்தில் வளையும். சின்னப் பிள்ளையை விட 20 வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும், கை கால் பலமும் உண்டு. தடையாக இருப்பது பயம் ஒன்றுதான். அந்தப் பயம் எதனால் வருகிறது, அதை நல்ல ஆசிரியர் எப்படிப் போக்குகிறார் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியது போல. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதைப் படித்துவிட்டு ஆற்றில் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் காவல் இருக்கிற நீச்சல் குளத்தில், ஆசிரியரோடுதான் கற்க வேண்டும். முதல் பாடங்களுக்குத் தண்ணீர் மார்பளவுக்கு மேல் இருக்கக் கூடாது. கால் தரையில் படுகிறது என்ற தைரியம் இருந்தால்தான் மனம் பாடத்தில் நிற்கும்.

ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: மூச்சு

புதிதாகத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் செய்வது என்ன? மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். முகம் நனைந்ததும் திணறுவார்கள். காரணம் இதுதான்: உள்ளே இருக்கும் கெட்ட காற்று வெளியே போகாமல் சேரச் சேர, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று உடம்பு அடித்துக்கொள்ளும். தலை மேலே வந்ததும் ஒரே நேரத்தில் காற்றை விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாது. அங்கேதான் பதற்றம் பிறக்கிறது.

அதனால் நல்ல ஆசிரியர் கையைக் காலை ஆட்டச் சொல்வதற்கு முன் மூச்சைக் கற்பிப்பார். தண்ணீருக்கு மேலே வாயால் மூச்சை இழுக்க வேண்டும். முகத்தைத் தண்ணீரில் வைத்து மூக்காலும் வாயாலும் மெதுவாக ஊத வேண்டும், குமிழி குமிழியாக வரும். குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இதை இருபது தடவை, முப்பது தடவை செய்யச் சொல்வார். பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். நீச்சலுக்கு அடித்தளமே இதுதான். ஊதக் கற்றவனுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாம் படி: மிதப்பது

நம் உடம்பின் கனம் ஏறக்குறைய அதே அளவு தண்ணீரின் கனம்தான். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானவர்கள் சும்மா கிடந்தாலே மிதப்பார்கள். அப்படியானால் ஏன் மூழ்குகிறார்கள்? பயத்தில் தலையையும் கையையும் தண்ணீருக்கு மேலே தூக்குகிறார்கள். வெளியே தூக்கிய பாகத்தைத் தண்ணீர் தாங்காது. பெரியவர்களின் தலை மட்டும் ஏறக்குறைய 5 கிலோ. தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். தராசு மாதிரிதான்.

மல்லாந்து மிதக்க இப்படிச் செய்ய வேண்டும்: காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்கட்டும். முகவாய் கொஞ்சம் மேலே, கண் வானத்தைப் பார்க்கட்டும். வயிற்றை மேலே தள்ளி, கைகளை அகல விரித்துக்கொள்ள வேண்டும். முதலில் ஆசிரியர் பிடரியிலும் முதுகிலும் கை கொடுத்துத் தாங்குவார், பிறகு மெல்ல விரலை எடுப்பார். ஒல்லியான பையன்களுக்குக் கால் கீழே இறங்கும். அதில் தவறில்லை. முகம் மேலே இருந்து மூச்சு வந்தால் போதும். இடுப்புப் பக்கம் இரண்டு கையையும் லேசாகத் துழாவினால் உடம்பு நிற்கும்.

ஒருவன் ஆற்றில் தவறி விழுந்தால் அவன் உயிரைக் காப்பது வேகமான நீச்சல் அல்ல, இந்த மிதப்புதான். விழுந்ததும் அடித்துப் புரளாமல் மல்லாந்து கிடந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டால், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கவும், உதவி என்று கத்தவும் நேரம் கிடைக்கும்.

மூன்றாம் படி: எழுந்து நிற்பது

இதைப் பல பேர் பாடமாகவே நினைப்பதில்லை. குப்புற மிதக்கிற பிள்ளைக்குத் திரும்ப எழுந்து நிற்கத் தெரியாவிட்டால், இடுப்பளவு தண்ணீரிலேயே தடுமாறி மூழ்கிப் போகும். முழங்காலை வயிற்றுப் பக்கம் இழுக்க வேண்டும், இரண்டு கையையும் தண்ணீரில் கீழ் நோக்கி அமுக்க வேண்டும், பிறகு தலையைத் தூக்கிப் பாதத்தை ஊன்ற வேண்டும். மிதப்பதற்கும் நிற்பதற்கும் மாறி மாறிப் பழகினவன் தண்ணீருக்குப் பயப்பட மாட்டான்.

நான்காம் படி: நகர்வது

குளத்துச் சுவரைக் காலால் உதைத்து, கையை முன்னே நீட்டி, முகம் தண்ணீரில் இருக்க அம்பு மாதிரி வழுக்கிப் போக வேண்டும். அதன்பிறகு கால் உதைப்பு. சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்கி உதைத்தால் உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். தொடையிலிருந்து, பாதத்தை நீட்டி, சின்னச் சின்னதாக உதைக்க வேண்டும். கடைசியில்தான் கைவீச்சு, பக்கவாட்டில் திரும்பி மூச்சு. இதற்குச் சில வாரமாவது பிடிக்கும். அவசரம் வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆழம்

கால் எட்டாத இடத்தில், ஆசிரியர் பக்கத்திலிருக்க, நின்ற நிலையில் கையையும் காலையும் துழாவித் தலையை மேலே வைத்திருக்கப் பழக வேண்டும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஒருவருக்குத் தண்ணீரில் தேவையான அடிப்படைத் திறன் ஐந்து என்று சொல்கிறது. தலைக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்தில் இறங்கித் திரும்ப மேலே வருவது, 1 நிமிடம் மிதப்பது, சுற்றித் திரும்பிக் கரையைக் கண்டுபிடிப்பது, 25 கஜம், அதாவது ஏறக்குறைய 23 மீட்டர், நீந்திக் கரை சேர்வது, ஏணி இல்லாமல் வெளியே ஏறுவது. இந்த ஐந்தும் நிற்காமல் அடுத்தடுத்துச் செய்ய முடிந்தால்தான் "ஓரளவு தெரியும்" என்று சொல்லலாம். அப்படித் தெரிந்தாலும் அது குளத்துக்குத்தான். ஆறு வேறு, கடல் வேறு.

குளத்தில் செய்யக் கூடாதவை

இளவட்டங்கள் இரண்டு காரியத்தால் குளத்திலேயே உயிரை விடுகிறார்கள். ஒன்று, யார் அதிக நேரம் மூச்சுப் பிடிப்பது என்ற போட்டி. முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டால் மூச்சு முட்டுகிற உணர்வு தாமதமாக வரும். அதற்குள் மூளைக்குப் பிராணவாயு குறைந்து, சத்தமே இல்லாமல் மயக்கம் போட்டுவிடும். இரண்டு, ஆழம் பார்க்காமல் தலைகீழாகப் பாய்வது. தலை தரையில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தால் ஆயுசுக்கும் கை கால் விளங்காமல் படுக்கையில் கிடக்க வேண்டியதுதான். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத பிள்ளையைக் கவனிப்பது எந்தக் குடும்பத்துக்கும் தாங்க முடியாத பாரம்.

குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு, பக்கத்தில் கவனிக்க ஆள் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

நம் நாட்டுத் தண்ணீரின் குணம்

அருவி, ஜெராம்: கீழே வெயில் அடிக்கும், மலை உச்சியில் மழை கொட்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சுவர் போல இறங்கி வரும். இதைத்தான் மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கெடா, குனோங் ஜெராய் மலையிலிருந்து இப்படி இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பலி கொண்டது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும், நீர்மட்டம் ஏறினாலும், சாமானை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். எதிர்க்கரைக்குக் கடக்கப் பார்க்காதீர்கள்.

ஈயக் குட்டை: பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மேலே பார்த்தால் அமைதி. ஓரத்தில் இரண்டு எட்டு வைத்தால் திடீரென்று ஆழம். கரை மணல் சரியும், பிடித்து ஏற முடியாது. 2018 அக்டோபர் 3-ஆம் தேதி பூச்சோங்கில் இப்படியொரு பழைய குட்டையில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடி இறங்கிய 6 தீயணைப்புப் படை வீரர்கள் நீர்ச்சுழலில் சிக்கி இறந்தார்கள். அவர்கள் தண்ணீரில் ஆட்களை மீட்கவே பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், நேற்று நீச்சல் பழகின பிள்ளை எம்மாத்திரம்?

ஆறு: 2009 அக்டோபரில் கம்பார் அருகே குவாலா டிப்பாங்கில், பள்ளி முகாமுக்குப் போன பிள்ளைகள் தொங்குபாலம் சரிந்து ஆற்றில் விழுந்தார்கள். 3 மாணவிகள் உயிரிழந்தார்கள். அந்தப் பிள்ளைகள் குளிக்கப் போகவில்லை, நடந்து போனார்கள். 'நாங்கள் தண்ணீர்ப் பக்கமே போக மாட்டோம், எங்களுக்கு எதற்கு நீச்சல்?' என்று கேட்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடல்: கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவக்காற்றுக் காலம். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. கரையிலிருந்து வெளிப்பக்கம் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவீர்கள். மிதந்துகொண்டு கையைத் தூக்கி உதவி கேளுங்கள், நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வாருங்கள்.

தோட்டத்துக்குள்: எண்ணெய் ஆலைக் கழிவுநீர்க் குளம் குளிக்கிற இடமல்ல. மேலே காய்ந்த ஏடு படிந்து தரை மாதிரி தெரியும், காலை வைத்தால் உள்ளே இழுக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தண்ணீர் வாளியையும் தோம்பையும் மூடி வையுங்கள். ஒரு சாண் தண்ணீர்கூடக் குழந்தைக்கு எமன்தான்.

மூழ்குகிறவன் கத்த மாட்டான்

சினிமாவில் மூழ்குகிறவன் கையை ஆட்டிக் கத்துவான். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. மூச்சு விடவே வழியில்லாதவன் எப்படிக் கத்துவான்? தலை பின்னால் சாயும். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும். இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். கால் உதைக்காது. ஏணியில் ஏறுவது போலத் தெரியும், ஆனால் இடம் விட்டு நகராது. இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிதான் நீடிக்கும். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தால் தீர்ந்தது. "ஏய், நல்லா இருக்கியா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உடனே செயல்படுங்கள்.

குதிக்காதே!

மூழ்குகிறவன் துரும்பையும் பிடிப்பான். உங்கள் கழுத்தைக் கண்டால் விடுவானா? ஒருவனைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர், மூன்று பேர் என்று போய்விடுவது இதனால்தான். வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்: கூப்பிடு, நீட்டு, எறி.

கூப்பிடு என்றால், சத்தம் போட்டு ஆளைக் கூட்டி 999-க்கு அழைப்பது. நீட்டு என்றால், கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மூங்கில், துடைப்பக் கட்டை, கைலி, எது கிடைக்கிறதோ அதை நீட்டுவது. குலை அறுக்கிற நீண்ட கம்பு இருந்தால் அரிவாளைக் கழற்றிவிட்டு நீட்டுங்கள். எறி என்றால், மிதக்கிற பொருளைக் கயிற்றில் கட்டி எறிவது. மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி எண்ணெய்க் கலன் ஏறக்குறைய 5 கிலோவைத் தாங்கும். மூழ்குகிறவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே நிற்க அது போதும். தோட்டத்தில் குட்டையோ வாய்க்காலோ இருந்தால், பக்கத்தில் ஒரு நீளக் கம்பும், கயிறு கட்டிய இரண்டு கலனும் தொங்க விடுங்கள். அதிகச் செலவில்லாத காரியம் இது.

கரைக்கு வந்த பிறகு

தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, தலைகீழாகத் தொங்க விடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இதெல்லாம் பழைய வழக்கம். அடியோடு விட்டுவிடுங்கள். அதனால் நேரம் வீணாகும், வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாயில் புகுந்து ஆளையே கொன்றுவிடும்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூப்பிட்டுத் தட்டிப் பாருங்கள். மூச்சு இல்லையென்றால், தலையைப் பின்னால் சாய்த்து முகவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் வாய் வைத்து, மார்பு எழும்பும்படி முதலில் ஊதுங்கள். தண்ணீரில் மூழ்கினவனுக்கு முதல் தேவை காற்று. 2 முதல் 5 தடவை ஊதிய பிறகு, மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து 30 தடவை அமுக்குங்கள். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பிறகு 2 ஊதல், மறுபடி 30 அமுக்கல். வாயில் நுரை வந்தாலும் நிறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை, அல்லது அவன் மூச்சு விடும்வரை தொடருங்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடம்பைத் துடைத்துப் போர்த்துங்கள். "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். நுரையீரலில் தண்ணீர் போனவனுக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

ஆற்றில் குளித்த பின் காய்ச்சலா?

2010-இல் பகாங், மாரான் பக்கம் லூபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்கள் மத்தியில் எலிக்காய்ச்சலும், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் இன்னொரு கிருமிக் காய்ச்சலும் பரவி 8 பேர் இறந்தார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் உள்ள புண், வெடிப்பு வழியாக உடம்பில் புகும். இரண்டாவது கிருமி நீரிழிவுக்காரர்களை அதிகம் தாக்கும். ஆற்றிலோ அருவியிலோ குளித்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல் டாக்டரிடம் போங்கள். "ஆற்றில் குளித்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு.

பெற்றோரே, நீங்கள் செய்ய வேண்டியது

காலேஜில் நீச்சல் குளமோ நீச்சல் வகுப்போ இருக்கிறதா என்று பிள்ளையை விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டணத்தில் உள்ள பொதுக் குளத்தில் கேட்கலாம். ஆசிரியரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: உயிர்காப்புச் சான்றிதழ் உண்டா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கற்பிக்கிற ஆள் போக, காவலுக்குத் தனி ஆள் உண்டா?

பொம்பளைப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். "பொண்ணுக்கு எதுக்கு நீச்சல்?" என்ற பேச்சு வேண்டாம். தண்ணீர் ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காது. முழுக்கையும் முழுக்காலும் மூடும் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது. பெண் ஆசிரியரையும் தேடலாம். ஜீன்ஸும் தடித்த பருத்திச் சட்டையும் மட்டும் ஆகாது, நனைந்தால் காலைக் கட்டிப்போடும்.

"நீச்சல் தெரியாது" என்று கூட்டாளிகள் முன்னால் சொல்வது கேவலமல்ல என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பிள்ளை கரையில் உட்கார்ந்து நண்பர்களின் சட்டைக்குக் காவல் இருக்கும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேரும். அடுத்த செமஸ்டரில் கற்றுக்கொள்ளலாம்.

பால்மரம் வெட்டியும் குலை சுமந்தும் பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள். புத்தகத்துக்கும் ஹாஸ்டலுக்கும் கணக்குப் பார்க்கிறபோது, நீச்சல் வகுப்புக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும், அடுத்த லீவுக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்வரை எடுத்து வையுங்கள். பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களும் கேளுங்கள்.